வெட்டுப்புள்ளி குறைவென்று சொல்லிக் காட்டினால்

கேள்வி: எனக்குப் புதுக்குடியிருப்பு. முல்லைத்தீவு மாவட்ட ஒதுக்கீட்டில் பொறியியல் கிடைத்து, இப்போது கிளிநொச்சி அறிவியல் நகரில் முதலாம் வருடம் படிக்கிறேன். விடுதியில் என்னோடு இருப்பவள் யாழ்ப்பாண மாவட்டத்து மருதங்கேணிப் பிள்ளை. போன கிழமை பேச்சுவாக்கில், "என்ர அண்ணாவுக்கு உன்னைவிட இசட் ஸ்கோர் கூட. அவன் வீட்டில இருக்கிறான், நீ இங்க இருக்கிறாய்" என்றாள். கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் மாமாவிடம் சொன்னேன். "அவள் சொல்றதும் நியாயம்தானே, இஞ்ச எல்லாம் திறமைக்குத்தான்" என்கிறார். அன்றிலிருந்து விரிவுரையில் விளங்காததைக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. கேட்டால் 'கோட்டாவில வந்தது' என்று நினைப்பார்களோ என்று பயம். நான் இன்னொருவரின் இடத்தைப் பறித்துவிட்டேனா?

பதில்: இல்லை பிள்ளை, பறிக்கவில்லை.

கணக்கை முதலில் பார்ப்போம். பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரப் பரீட்சைப் புள்ளிகளிலிருந்து கணிக்கும் இசட் ஸ்கோரைத்தான் பார்ப்பார்கள். ஒரு மாவட்டத்தில் கடைசியாக இடம் கிடைத்தவரின் இசட் ஸ்கோர்தான் அந்த மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி. உங்கள் துறையில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமைப் பட்டியலுக்குப் போகின்றன. 55 வீதம் சனத்தொகையைப் பார்த்து மாவட்டங்களுக்குப் பிரிகிறது. மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் என்று வன்னி மாவட்டங்கள் நான்கும் அதில் உண்டு. நீங்கள் வந்தது முல்லைத்தீவின் பங்கில். நீங்கள் போகாமல் விட்டிருந்தால், பட்டியலில் உங்களுக்கு அடுத்து நின்ற முல்லைத்தீவுப் பிள்ளைதான் வந்திருக்கும். மருதங்கேணி அண்ணாவுக்கு அந்த இடம் கிடைத்திருக்காது.

மாவட்டப் பங்கு என்ற ஒன்றே இல்லையென்றால் அவருக்குக் கிடைத்திருக்கலாம். அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அப்படியானால் அந்த முறை நியாயமா என்பதுதான் உண்மையான கேள்வி.

தண்ணீர் குறைந்த வருடத்தில் இரணைமடுக் குளத்திலோ முத்தையன்கட்டுக் குளத்திலோ சிறுபோகக் (கோடைப் பயிர்) கூட்டம் நடப்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். குளத்தில் இருக்கும் தண்ணீருக்கு இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று முடிவாகும். பிறகு ஆருக்கு எவ்வளவு என்று பெரிய வாக்குவாதம். "நான் நல்லாய்ப் பாடுபடுகிறவன், எனக்குக் கூடத் தாருங்கோ" என்று ஒருவர் எழும்பினால் அது அங்கே எடுபடாது. ஆனால் அரிவு வெட்டி முடிந்தபின், "உன்ர வயலில கூட விளைஞ்சிருக்கு, பிரிச்சுத் தா" என்றும் ஒருவரும் கேட்பதில்லை. தண்ணீர் பங்குக்கு, விளைச்சல் உழைப்புக்கு. இரண்டும் நியாயம்தான். உங்களுக்குக் கிடைத்த அனுமதி தண்ணீர் மாதிரி. செமஸ்டர் பரீட்சை வேறு. விடைத்தாளில் மாவட்டம் எழுதச் சொல்லி ஒருவரும் கேட்கப் போவதில்லை.

மாமாவின் பேச்சைத் தப்பாக எடுக்காதீர்கள். இருக்கும் இடத்தின் நியாயம் மனிதரில் ஊறிவிடும். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஜெர்மனியிலும், கென்யாவின் சம்புரு மக்களிடையிலும், நமீபியாவின் ஹைஓம் மக்களிடையிலும் பிள்ளைகளைச் சோடி சோடியாக வேலை செய்யவிட்டு, கிடைத்ததைப் பங்கிடச் சொன்னார்கள். ஜெர்மன் பிள்ளைகள் செய்த வேலைக்கு ஏற்பப் பிரித்தார்கள். சம்புருப் பிள்ளைகள் ஆர் எவ்வளவு வேலை செய்தார் என்பதைக் கணக்கெடுக்கவே இல்லை. ஹைஓம் பிள்ளைகள் அதை அவ்வளவு கணக்கெடுக்காமல், மற்ற இரண்டு இடத்தாரையும் விடச் சமமாகப் பிரித்தார்கள். எல்லாரும் தாங்கள் செய்ததே சரி என்றுதான் செய்தார்கள்.

ஆனால் "இஞ்ச எல்லாம் திறமைக்குத்தான்" என்பது முழு உண்மை இல்லை. மாமா இருக்கும் ஒன்ராறியோவிலேயே, வடபகுதியில் வைத்தியர்கள் போதாமல் 2005இல் ஒரு மருத்துவப் பள்ளியைத் திறந்தார்கள். சட்பரியிலும் தண்டர் பேயிலும் அது இருக்கிறது. அங்கே வட ஒன்ராறியோப் பிள்ளைகளுக்கும் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கும் முன்னுரிமை. அடுத்த முறை கதைக்கும்போது இதைச் சொல்லுங்கள்.

இனி உங்கள் சிநேகிதி. அவளுடைய கோபத்தைப் பொறாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தபோது தமிழ்மொழிப் பிள்ளைகளிடம் கூடுதல் புள்ளி கேட்டார்கள். 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்து யாழ்ப்பாணத்தின் இடங்கள் சுருங்கின. அதே ஒதுக்கீடு வன்னிக்கும் மட்டக்களப்புக்கும் கதவு திறந்தது. ஒரே சட்டம் அங்கே காயமாகவும் இங்கே வாய்ப்பாகவும் நினைவில் நிற்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம், அவள் ஊர் மருதங்கேணி. சுனாமியும் யுத்தமும் அடித்துப்போட்ட வடமராட்சி கிழக்கு. அந்த அண்ணா யாழ்ப்பாண நகரத்துப் பெரிய பாடசாலைப் பிள்ளைகளோடு ஒரே பட்டியலில் போட்டியிட வேண்டும். தெற்கே கொஞ்சத் தூரத்தில் கிளிநொச்சி மாவட்டம் தொடங்கிவிடுகிறது, அங்கே வேறு வெட்டுப்புள்ளி. மாவட்டத்தை ஒரே துண்டாகப் பார்ப்பதுதான் இந்த முறையின் பெரிய பிழை என்பது என் கருத்து. வலயம், பாடசாலை என்று கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். அதே யாழ்ப்பாண மாவட்டத்தில் தீவாகக் கிடக்கும் நெடுந்தீவுப் பிள்ளைக்கும் இதே கதைதான். உங்கள் சிநேகிதி கோபப்பட வேண்டியது அந்த மாவட்டக் கோட்டின் மேல். நீங்கள் பக்கத்துக் கட்டிலில் இருப்பதால் உங்கள் மேல் விழுந்துவிட்டது.

ஆகவே அறையில் வேறு ஆட்கள் இல்லாத நேரம் பார்த்துக் கதையுங்கள். மன்னிப்புக் கேட்காதீர்கள், கேட்க ஒன்றும் இல்லை. "உன்ர அண்ணாவுக்குக் கிடைக்காதது எனக்கும் கவலை. ஆனால் நீ அப்படிச் சொன்னது எனக்கு நொந்தது" என்று இரண்டையும் சொல்லுங்கள். அண்ணா திரும்ப உயர்தரப் பரீட்சை எழுதுகிறாரா என்றும் கேளுங்கள். மூன்று தரம் வரை எழுதலாம்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்தது கடைசி வரிகள்தான். உயர்தரத்தில் இணைந்த கணிதத்துக்கு நிரந்தர ஆசிரியர் இல்லாமல், சனி ஞாயிறில் விடியப்புறம் பஸ் ஏறி ரியூசனுக்குப் போய்ப் படிக்கும் பிள்ளைகள் உங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர். அப்படி வந்தவர்களுக்கு முதல் வருடக் கணிதத்தில் இடைவெளி இருக்கத்தான் செய்யும். கூச்சத்தில் வாயை மூடினால் அந்த இடைவெளி இரண்டாம் வருடத்தில் இன்னும் பெருக்கும். விரிவுரை முடிந்ததும் கொப்பியோடு முன்னால் போய் நில்லுங்கள். எல்லார் முன்னும் கேட்க முடியாவிட்டால் விரிவுரையாளரின் அறைக்குப் போய்க் கேளுங்கள். இந்தக் கிழமையே தொடங்குங்கள்.