ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூதர்களை ஜனநாயக நாடுகள் ஏன் ஏற்கவில்லை?

இந்தக் கேள்விக்கு ‘யூத வெறுப்பு’ என்று ஒற்றைப் பதில் சொல்லிவிடுவது எளிது. வெறுப்பு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வெறுப்பு தூதரகங்களில் வேலை செய்தது விண்ணப்பப் படிவம் வழியாகத்தான்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1924 சட்டப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் ஆண்டுக்கு இத்தனை பேர் என்று ஒதுக்கீடு. ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் சேர்த்து 1938இல் 27,370. அதுவாவது முழுசாகக் கிடைத்ததா? 1930களின் பெரும்பாலான ஆண்டுகளில் இல்லை. பொருளாதார மந்தத்தைக் காட்டி, ‘அரசுக்குப் பாரமாகிவிடக்கூடியவர்’ என்று தோன்றினால் விசா மறுக்கலாம் என்ற விதியை 1930இலேயே இறுக்கிவிட்டார்கள். ஜெர்மனியில் நாஜி அரசு, வெளியேறுகிறவர்களின் சொத்தை வரி என்ற பெயரில் உருவிக்கொண்டு அனுப்பியது. அமெரிக்க விசா அதிகாரியோ, ‘கையில் காசு இருக்கிறதா, ஜாமீன் நிற்க உறவினர் உண்டா’ என்று கேட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை.

1938 ஜூலையில் பிரான்சின் எவியானில் 32 நாடுகள் கூடிப் பேசின. அனுதாபம் தாராளமாக வந்தது, இடம்தான் வரவில்லை. எங்களுக்கு இனப் பிரச்சினை கிடையாது, அதை இறக்குமதி செய்யவும் விருப்பமில்லை என்றார் ஆஸ்திரேலியப் பிரதிநிதி. பெரிய எண்ணிக்கையில் ஏற்க முன்வந்தது டொமினிகன் குடியரசு மட்டும். அதை ஆண்டவர் த்ருஹீயோ என்ற சர்வாதிகாரி. முந்தைய ஆண்டுதான் ஆயிரக்கணக்கான ஹைட்டியர்களைக் கொன்று குவித்தவர்!

அப்புறம் செயின்ட் லூயிஸ் கப்பல். 1939 மே மாதம் ஹாம்பர்க்கிலிருந்து 937 பயணிகளுடன் கியூபாவுக்குக் கிளம்பியது. பெரும்பாலானவர்கள் அமெரிக்க விசாவுக்கு வரிசையில் இருந்தவர்கள். முறை வரும்வரை கியூபாவில் தங்கலாம் என்ற திட்டம். ஹவானாவில் முப்பது பேர்கூட இறங்க முடியவில்லை. மியாமி விளக்குகள் தெரியும் தூரம் வரை போயும் அமெரிக்கா இறங்க விடவில்லை. திரும்பியவர்களை பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து பங்கிட்டுக்கொண்டன. மறு ஆண்டே பிரிட்டனைத் தவிர மற்ற மூன்றும் ஜெர்மனியிடம் தோற்றுவிட்டன. அந்தப் பயணிகளில் 254 பேர் இனப்படுகொலையில் செத்தார்கள்.

பிரிட்டன் சுமார் 10,000 குழந்தைகளைப் பெற்றோர் இல்லாமல் ஏற்றுக்கொண்டதையும் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்காவில் 20,000 குழந்தைகளுக்கான மசோதா 1939இல் வாக்கெடுப்புக்கே வராமல் செத்தது.

சரி, விதியை மாற்றவே முடியாதா? 1940இல் லண்டன் மீது குண்டு விழும் நிலை வந்தபோது, பிரிட்டிஷ் குழந்தைகளுக்காக அதே அமெரிக்கா விசா நடைமுறையைத் தளர்த்தியது.