கணக்கு வாத்தியார் பதில்கள்

கேள்வி: 4294967297 என்ற எண்ணை 3, 7, 11, 13 என்று வகுத்துப் பார்த்துவிட்டேன். மீதி வந்துகொண்டே இருக்கிறது. இது பகா எண்தானா, ஐயா?
– ப்ளஸ் ஒன் மாணவி, மன்னார்குடி

பதில்: இல்லைம்மா, பகு எண்தான். ஆனால் 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மாவே இதைப் பகா எண் என்று நம்பியிருந்தார். 2-இன் 32ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் இது வரும். இதே வகையில், அடுக்கு 1, 2, 4, 8, 16 என்று இருக்கும்போது முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். நம்பாமல் என்ன செய்வார்? 1732இல் ஸ்விஸ் கணித மேதை ஆய்லர் உடைத்துக் காட்டினார்: 641 × 6700417.

13-உடன் நிறுத்தியது தப்பில்லை. ஆனால் இதன் பகாக் காரணி எதுவும் 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவதிலேயே சிக்கிவிடும்!

நீளமாக வகுக்காமலும் காட்டலாம். வகுப்பில் நான் ஆசையாகப் போடும் கணக்கு இது. 641 = 5 × 128 + 1; இதில் 128 என்பது 2⁷. எனவே 5 × 128-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 625 × 2²⁸-க்கு மீதி 1. 625 என்பது 641 − 16. சரி, 625-க்குப் பதில் −16, அதாவது −2⁴ போடு: −2³²-க்கு மீதி 1. அப்படியென்றால் 2³² + 1-க்கு மீதி பூஜ்யம்.

65537-க்கு மேல் இந்த வகையில் ஒரு பகா எண்கூட இதுவரை அகப்படவில்லை.