ஃபெடரல் டாலர் எந்த ஊரில் இறங்குகிறது? வர்ஜீனியாவிலிருந்து சில கேள்விகள்

வாஷிங்டனில் பட்ஜெட் சண்டை மூளும்போதெல்லாம் எனக்குக் கேள்விகள் வந்து குவியும். இந்த முறை ஏறக்குறைய எல்லாமே வர்ஜீனியாவைப் பற்றியவை. நான் பல வருடங்களாக எக்செல் தாளை விரித்து வைத்துக்கொண்டு மல்லுக்கட்டும் மாநிலம் என்பதால், வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

தலைக்கு இத்தனை டாலர் என்று கணக்குப் பார்த்தால், வர்ஜீனியாவில் ஃபால்ஸ் சர்ச்சுக்குத்தான் ஃபெடரல் (மத்திய அரசு) காண்ட்ராக்ட் பணம் கொட்டுகிறதாம். இரண்டு சதுர மைல் ஊர் அது. அங்கே அப்படி என்ன இருக்கிறது? (வாசகர், ஹெர்ண்டன்)

பெரிதாக ஒன்றுமில்லை. நல்ல வியட்நாமியச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன, அவற்றில் பிரபலமானவை நகர எல்லைக்கு உள்ளேயேதான். ஆனால் உங்கள் சந்தேகத்துக்கு விடை அந்த எல்லையில்தான் இருக்கிறது.

வர்ஜீனியாவில் 95 கவுண்டிகளும் (மாவட்டம் போன்ற பிரிவுகள்) 38 தனி நகரங்களும் உண்டு. மற்ற பெரும்பாலான மாநிலங்களில் நகரம் கவுண்டிக்குள் அடங்கும். இங்கே தனி நகரம் எந்தக் கவுண்டியிலும் சேராது. ஃபால்ஸ் சர்ச் அப்படி ஒரு தனி நகரம், மக்கள்தொகை 15,000-ஐ ஒட்டி. ஆனால் தபால் இலாகாவுக்கு இந்த எல்லையெல்லாம் ஒரு பொருட்டில்லை. 22042 என்ற ஜிப் கோடு ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி நிலத்தில் இருக்கிறது, முகவரியில் மட்டும் 'ஃபால்ஸ் சர்ச்' என்று வரும். ராணுவத் தளவாட நிறுவனமான நார்த்ராப் கிரம்மனின் தலைமையகம் அந்த 22042-இல்தான். ஊர்ப்பெயரை மட்டும் பார்த்துக் கூட்டினால், விமானமும் ராக்கெட்டும் விற்ற கோடிகளெல்லாம் அந்தச் சின்ன ஊரின் தலையில் வந்து உட்கார்ந்துவிடும். ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டிக்குள் இருந்துகொண்டே அலெக்ஸாண்ட்ரியா முகவரி வைத்திருக்கும் கட்டடங்களும், ஹென்ரைகோ கவுண்டியில் இருக்கும் 'ரிச்மண்ட்' முகவரிகளும் இதே குழப்பத்தைத்தான் செய்கின்றன.

எல்லையைச் சரிசெய்தாலும் இன்னொரு ஓட்டை மிச்சம் இருக்கும். காண்ட்ராக்ட் பதிவில் இரண்டு இடங்கள் குறிக்கப்படும்: பணம் வாங்கும் நிறுவனம் இருக்கும் இடம் ஒன்று, வேலை நடக்கும் இடம் இன்னொன்று. ரெஸ்டனிலும் மெக்லீனிலும் ஆர்லிங்டனிலும் தலைமையகம் வைத்திருக்கும் நிறுவனங்கள் ஏராளம். போயிங் 2022-இல் ஆர்லிங்டனுக்கு மாறப்போவதாக அறிவித்தது. அதற்காக விமானம் கட்டுவதையா இங்கே கொண்டுவந்தார்கள்? ஆகவே முதல் இடத்தை வைத்துப் போடும் வரைபடத்தை நான் நம்புவதில்லை. இரண்டாவதை வைத்துப் பார்த்தாலும் ஃபேர்ஃபாக்ஸ்தான் மேலே வரும், அது வேறு விஷயம். 2023 நிதியாண்டின் பாதுகாப்புச் செலவில் டெக்சாஸ், வர்ஜீனியா, கலிபோர்னியா மூன்றும்தான் முதல் மூன்று மாநிலங்கள். வர்ஜீனியாவின் பங்கில் பெரும்பகுதி வடக்கு மூலையிலும் ஹாம்ப்டன் ரோட்ஸ் கடற்கரையிலும் அடங்கிவிடுகிறது.

நியூபோர்ட் நியூஸ் கப்பல் யார்டில் வேலை செய்கிறேன். நாங்கள் கட்டும் நீர்மூழ்கியின் பணம் கனெக்டிகட் கணக்கில் போகிறது என்று நண்பர் சொல்கிறார். கிண்டல் செய்கிறாரா?

இல்லை, உள்ளதைத்தான் சொல்கிறார். விமானம்தாங்கிக் கப்பலுக்குக் கடற்படை உங்கள் யார்டோடு நேராகக் காண்ட்ராக்ட் போடுகிறது. அணுசக்தியில் ஓடும் விமானம்தாங்கியைக் கட்டும் யார்டு நாட்டிலேயே அது ஒன்றுதான். வர்ஜீனியா ரக நீர்மூழ்கிக்கோ முதன்மை காண்ட்ராக்டர் கனெக்டிகட்டின் க்ராட்டனில் இருக்கும் எலெக்ட்ரிக் போட். நீங்கள் அவர்களுடைய துணைக் காண்ட்ராக்டர். முதன்மைக் காண்ட்ராக்டை மட்டும் எடுத்துப் பார்த்தால், 'வர்ஜீனியா' என்று பெயர் வைத்த கப்பலில் வர்ஜீனியாவுக்கு வரும் பங்கு கண்ணில் படாது. துணைக் காண்ட்ராக்டுகளுக்குத் தனி அட்டவணை உண்டு, ஆனால் முதன்மை அட்டவணை அளவுக்கு அது முழுமையாக இருப்பதில்லை.

கணக்கு எதிர்ப்பக்கமும் ஓடுகிறது. விமானம்தாங்கிக்கான பணம் முழுக்க நியூபோர்ட் நியூஸ் பெயரில் ஏறினாலும், வால்வும் பம்பும் கேபிளும் பல மாநிலங்களிலிருந்து வருகின்றன.

மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் வைஸ் கவுண்டியில், ஜே-1 விசா விலக்கில் (பயிற்சி முடிந்ததும் சொந்த நாடு திரும்பாமல், டாக்டர் பற்றாக்குறை உள்ள ஊரில் வேலை செய்யும் அனுமதி) டாக்டராக இருக்கிறேன். 'அரசாங்கம் எங்களுக்கு ஒன்றும் செய்வதில்லை, எல்லாம் வாஷிங்டன் பக்கத்து ஆட்களுக்கே' என்று தினமும் என் நோயாளிகள் சொல்கிறார்கள். அது சரிதானா?

ஒரு பாதி சரி. அவர்களுடைய பேச்சை ஒதுக்கிவிடாதீர்கள், ஆனால் உங்கள் கிளினிக்கிலேயே நின்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் வரும் முதல் பத்துப் பேரில் மெடிக்கேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) அட்டை நீட்டுபவர் எத்தனை, மெடிக்கெய்ட் (ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடு) எத்தனை, சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத் திட்டத்தின் ஊனமுற்றோர் உதவி வாங்குபவர் எத்தனை, கருநுரையீரல் நோய்க்கு மாதாமாதம் உதவித்தொகை வாங்கும் பழைய சுரங்கத் தொழிலாளி எத்தனை? இதில் பெரும்பகுதி ஃபெடரல் பணம்தான். (2013 முதல் 2017 வரை உங்கள் பக்கத்து மூன்று கிளினிக்குகளில் மட்டும் 416 பேருக்கு இந்த நோய் முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் பணத்தைச் சலுகை என்று சொல்ல எனக்கு வாய் வராது.)

வடக்கு வர்ஜீனியாவுக்கு ஃபெடரல் பணம் வேலையாக வருகிறது: சம்பளம், காண்ட்ராக்ட். தென்மேற்குக்கு அது மணியார்டர் போல ஆள் ஆளுக்குத் தனித்தனியாக வருகிறது. முதல் வகையில் கண்ணாடிக் கட்டடம் எழும்பும், பக்கத்தில் கடை வரும், வீட்டு விலை ஏறும். இரண்டாவது வகையில் மளிகைக் கடையும் மருந்துக் கடையும் மூடாமல் இருக்கும், அவ்வளவுதான். ஒரு மாதத்தின் இரண்டாம், மூன்றாம், நான்காம் புதன்கிழமைகளில் சோஷியல் செக்யூரிட்டி பணம் வரும். அன்று உங்கள் ஊர் மருந்துக் கடையின் வரிசையைப் பாருங்கள், புரியும். இது யாரும் உட்கார்ந்து வைஸ் கவுண்டிக்கு ஒதுக்கிய பணமில்லை. வயதும் நோயும் எங்கே இருக்கிறதோ அங்கே தானாகப் போய்ச் சேர்கிறது. அதனால்தான் 'வந்தது' என்ற உணர்வே அவர்களுக்கு வருவதில்லை.

வேலையாக வருவதும் கொஞ்சம் உண்டு. பக்கத்து லீ கவுண்டியில் ஃபெடரல் சிறை இருக்கிறது. 1965-இல் தொடங்கிய அப்பலேச்சியன் மண்டல ஆணையமும் குடிநீர்க் குழாய், தொழிற்பயிற்சி என்று பணம் தருகிறது. ஓய்வூதியத்தோடு ஒப்பிட்டால் இரண்டும் சில்லறை.

மெடிக்கெய்ட் செலவில் ஏழை மாநிலத்துக்கு ஃபெடரல் பங்கு அதிகம் என்கிறார்கள். அப்படியானால் வர்ஜீனியாவின் ஏழைக் கவுண்டிகளுக்கும் அதிகம் கிடைக்குமா? (ரிச்மண்ட்)

கிடைக்காது. ஃபார்முலா மாநிலத்தின் சராசரித் தலா வருமானத்தைத்தான் பார்க்கும், உள்ளே எட்டிப் பார்க்காது. சட்டப்படி ஃபெடரல் பங்கு 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. லவுடனும் ஃபேர்ஃபாக்ஸும் ஆர்லிங்டனும் சராசரியைத் தூக்கிவிடுவதால், வர்ஜீனியா அந்த 50-ஐ ஒட்டியே நிற்கிறது. வைஸ் கவுண்டியிலிருந்து ஒரு மலைமுகட்டைத் தாண்டினால் கென்டக்கி. அதே மலை, அதே மூடிய சுரங்கம், அங்கே ஃபெடரல் பங்கு 70 சதவீதத்துக்கு மேல்.

நோயாளிக்கு இதில் நஷ்டமில்லை, சுமை மாநிலக் கஜானாவுக்குத்தான். அந்தக் கஜானாவை அதிகம் நிரப்புவது வடக்கின் வருமான வரி என்பதால், பென்டகனை நம்பிப் பிழைக்கும் குடும்பம் கட்டும் வரியில் ஒரு பகுதி கடைசியில் வைஸ் கவுண்டி மருத்துவமனைக்குப் போகிறது. வர்ஜீனியா 2019 ஜனவரியில் மெடிக்கெய்டை இன்னும் பலருக்கு விரிவாக்கியது. அந்த விரிவாக்கத்தின்கீழ் சேர்பவர்களுக்கு மட்டும், விரிவாக்கிய எல்லா மாநிலத்துக்கும் ஒரே கணக்கு, 90 சதவீதம்.

ஆஷ்பர்ன் வரை வந்த சில்வர் லைன் மெட்ரோ ஃபெடரல் காசில் கட்டியதுதானே?

முதல் கட்டத்துக்கு, அதாவது ரெஸ்டன் வரைக்கும், 90 கோடி டாலர் ஃபெடரல் மானியம் வந்தது. 2022 நவம்பரில் உங்கள் ஊருக்கு வந்த இரண்டாம் கட்டத்துக்கு வந்தது பெரும்பாலும் கடன். கடனைத் திருப்பிக் கட்டவேண்டும். அதில் பெரும்பங்கைக் கட்டுவது வர்ஜீனியாவின் டலஸ் டோல் ரோட்டில் (சுங்கச்சாலை) போகிறவர்கள். காலையில் ஈஸி-பாஸ் டோல் கருவி வழியாகப் பணம் கழியும்போது நீங்களும் அந்த ரயிலுக்குத்தான் கொடுக்கிறீர்கள், ஏறினாலும் ஏறாவிட்டாலும்.

என் கணவர் டி.சி.யில் ஃபெடரல் ஊழியர், வீடு ஸ்பிரிங்ஃபீல்டில். அவர் சம்பளம் எந்தக் கணக்கில் ஏறும்?

பணியிடக் கணக்கில், அதாவது டி.சி.யில். ஆனால் வரி வர்ஜீனியாவுக்கு. வெளியூரில் குடியிருப்பவர்களின் சம்பளத்தில் வரி போட டி.சி.க்கு 1973-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதி தரவில்லை. அதனால் அட்டவணையில் தெரிவதைவிட நிஜத்தில் வடக்கு வர்ஜீனியா இந்தச் சம்பளத்தை அதிகம் நம்பியிருக்கிறது. 2025 அக்டோபர் 1-இல் தொடங்கிய 43 நாள் அரசு முடக்கத்தை நீங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள், நான் விளக்கவேண்டியதில்லை.

வருடாவருடம் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வருகிறது: 'பெற்றோர் ராணுவத்திலா, ஃபெடரல் நிலத்திலா வேலை?' என்று. அதை நிரப்பாமல் விட்டால் என்ன ஆகும்? (வர்ஜீனியா பீச்)

தயவுசெய்து நிரப்பிக் கொடுங்கள். ஃபெடரல் நிலத்துக்குச் சொத்துவரி போடமுடியாது. கடற்படைத் தளம் ஊரில் பெரிய இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும், அங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகள் ஊர்ப் பள்ளிக்கு வருவார்கள், வரி மட்டும் வராது. அந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் அடைக்க 1950-இலிருந்து 'இம்பாக்ட் எய்ட்' என்று ஒரு நிதி இருக்கிறது. ரிச்மண்ட் வழியாகச் சுற்றாமல் நேராகப் பள்ளி மாவட்டத்துக்கே போகும். அதைக் கேட்டு வாங்குவதற்குப் பிள்ளைகளை எண்ணுவது அந்தப் படிவத்தை வைத்துத்தான். பெயரைப் போட்டு, டிக் அடித்து, கையெழுத்திட இரண்டு நிமிடம் ஆகும்.

ஏழைப் பிள்ளைகளுக்கான 'டைட்டில் ஒன்' நிதிக்கு இந்தப் படிவம் தேவையில்லை. சென்சஸ் பீரோவின் வறுமை மதிப்பீட்டை வைத்து அது பகிரப்படுகிறது.

எங்கள் காங்கிரஸ் உறுப்பினர் 'நான் தொகுதிக்குப் பணம் கொண்டுவந்தேன்' என்று அட்டை அனுப்பியிருக்கிறார். நம்பலாமா?

அந்தத் தீயணைப்பு நிலையத்துக்கு, அந்த நடைபாதைக்கு என்று பெயர் போட்டிருந்தால் நம்பலாம். உறுப்பினர் தன் தொகுதிக்குத் தனித் திட்டம் கேட்கும் முறை 2021-இல் திரும்ப வந்தது, ஒருவர் இத்தனைதான் கேட்கலாம் என்று உச்சவரம்பும் உண்டு. ஆனால் அட்டையில் நெடுஞ்சாலைப் பணத்தையும் மெடிக்கெய்டையும் சேர்த்துப் பெரிய தொகையாகக் காட்டியிருந்தால், அது அவர் தூங்கிக்கொண்டிருந்தாலும் ஃபார்முலாப்படி வந்திருக்கும் பணம்.

இதையெல்லாம் நானே பார்க்க எங்கே போவது?

1983 முதல் 2010 வரைக்கும் சென்சஸ் பீரோ ஃபெடரல் செலவைக் கவுண்டிவாரியாக ஒரே தொகுப்பாக வெளியிட்டது. அதை நிறுத்தியது எனக்கு இன்னும் வருத்தம்தான். இப்போது 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த 'யுஎஸ்ஏஸ்பெண்டிங்' தளம் இருக்கிறது. போனவுடன் 'வேலை நடக்கும் இடம்' என்ற வடிகட்டியைத் தேர்ந்தெடுங்கள். ரிச்மண்ட் நகரத்துக்கு வரும் பூதாகாரமான மானியத் தொகையைப் பார்த்து மிரளவேண்டாம். மெடிக்கெய்டும் நெடுஞ்சாலைப் பணமும் மாநிலத் துறைகளின் பெயரில் முதலில் அங்கே இறங்கி, பிறகுதான் பிரிகின்றன. வர்ஜீனியாவில் ஆர்லிங்டன், ஹென்ரைகோ தவிர மற்றக் கவுண்டிச் சாலைகளையும் 1932-இலிருந்து மாநிலமே பராமரிப்பதால், சாலைப் பணம் உங்கள் கவுண்டி பட்ஜெட் புத்தகத்தில் தேடினாலும் அகப்படாது. மாநிலப் போக்குவரத்துத் துறையின் ஆறாண்டுத் திட்டத்தில் உங்கள் ரோட்டின் எண்ணைப் போட்டுத் தேடுங்கள், எந்த வருடம் எவ்வளவு என்று வரி வரியாக வரும். ஓய்வூதியத்துக்கு சோஷியல் செக்யூரிட்டி அலுவலகமே கவுண்டிவாரியாக ஆண்டுதோறும் அட்டவணை போடுகிறது. முதலில் அதை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.