மழைக்கு முன்னால் கை பழக வேண்டிய வேலைகள்

வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருக்கும் ஒரு வாசகி கேட்கிறார்: "கணவருக்கு ஷிப்ட் வேலை, வீட்டில் நானும் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும்தான். டார்ச், பவர்பேங்க், பிஸ்கட் எல்லாம் வாங்கிவிட்டேன். இன்னும் என்ன வாங்கலாம்?"

வாங்கியது போதும்மா. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் உங்கள் பக்கம் தண்ணீர் வடியவும் கரண்ட் வரவும் எத்தனை நாள் ஆனது என்று உங்களுக்கே தெரியும். இனி கை பழக வேண்டியதுதான் பாக்கி.

முதலில் மெயின் ஸ்விட்ச். எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் தள்ளினால் அணையும் என்று மாமியாருக்கும் காட்டுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் சேர்த்து அணைக்க வேண்டும், இல்லையென்றால் மெயின் போன அடுத்த நொடியே அது ஒயரில் கரண்டை விட்டுவிடும், இதைத்தான் நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் வாசற்படி ஏறும் முன்பே அணைத்துவிடுங்கள். உள்ளே வந்துவிட்டால் தண்ணீரில் நின்றுகொண்டு ஸ்விட்சைத் தொடவே கூடாது, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தை (94987 94987) கூப்பிடுங்கள்.

கேஸ் சிலிண்டர் மிதக்கும், அதுவும் நிறைந்த சிலிண்டரே மிதக்கும். 14.2 கிலோ சிலிண்டர் இரும்போடு சேர்த்து 30 கிலோ வரும், ஆனால் அதன் கொள்ளளவே 33 லிட்டருக்கு மேல். அதனால் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, நிமிர்த்தி வைத்து ஜன்னல் கம்பியோடு கட்டிவிட வேண்டும். கழற்றி மாட்டுவது உங்கள் கணவருக்கு மட்டும்தான் தெரியும் என்றால் இன்றைக்கே நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள்.

அப்புறம் தண்ணீர், எனக்கு இதில்தான் கவலை அதிகம். புயல் எச்சரிக்கை வந்ததுமே மேல்தொட்டியை நிரப்பிவிடுங்கள், கரண்ட் இல்லாவிட்டாலும் குழாயில் வரும். தெருத்தண்ணீர் சம்ப்பில் இறங்கிவிட்டால், கரண்ட் வந்த சந்தோஷத்தில் யாரும் மோட்டாரைப் போட்டுவிடக் கூடாது, சாக்கடை கலந்த தண்ணீர் மேலே ஏறி நல்ல தண்ணீரையும் கெடுத்துவிடும். சுவிட்ச் மேலேயே "போடாதே" என்று எழுதி ஒட்டுங்கள். சம்ப்பை இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு அலசிய பிறகுதான் மோட்டார். குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள்.

பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்து, கடையும் திறக்கவில்லை என்றால், ஆறிய தண்ணீர் ஒரு லிட்டரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உப்பு கூடிவிடக் கூடாது, அளவை எழுதி சமையலறையில் ஒட்டிவிடுங்கள்.