நீட் புத்தகத்தில் உயிரின் தோற்றத்தைத் தாண்டாத மகள்

சிங்கப்பூரின் புங்கோலில் இருந்து வந்த ஒரு அம்மாவின் கவலை இது. மகள் இங்கே சிபிஎஸ்இ பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. நீட்டுக்குப் படிக்க உட்கார்ந்தால் பரிணாமப் பாடத்தின் முதல் சில பக்கங்களிலேயே நின்றுவிடுகிறாளாம்.

தேர்வுக்கு அந்தப் பகுதி ஒரு சாயங்கால வேலைதான், அம்மா. உயிரற்ற வேதிப்பொருள்களிலிருந்து உயிர் தோன்றியிருக்கலாம் என்ற ஓபாரின், ஹால்டேன்; 1953-இல் அதைக் குடுவையில் சோதித்துப் பார்த்த மில்லர். அவர் அதில் அடைத்த மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி. பாடநூல் சொல்லும் 800 டிகிரி. ஒரு கேள்வி வந்தால் உண்டு. ஆனால் உங்கள் மகள் என்னிடம் கேட்டது வேறு. மில்லர் 2007-இல் இறந்த பிறகு அவருடைய பழைய சோதனைக் குப்பிகளைத் திரும்பச் சோதித்தார்களே, புரதங்களைக் கட்டும் வகைப் பொருள்களான அமினோ அமிலங்கள் 20-க்கு மேல் கிடைத்தனவே, அது ஏன் பாடத்தில் இல்லை என்றாள். படிப்பில் கவனம் இல்லாத பிள்ளை இப்படிக் கேட்காது.

பெரியப்பா சொல்கிறார் என்று திருச்சி வீட்டை விற்று, என்ஆர்ஐ ஒதுக்கீட்டில் தனியார் மருத்துவக் கல்லூரியில் சேர்க்க வேண்டாம். இதில் நான் இறங்கி வரமாட்டேன். ஐந்தரை வருஷம் படிக்கப்போவது அவள். கடன் அடைக்கப்போவது நீங்கள்.

ஐசர் பற்றி யாரும் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்கள், மொத்தம் ஏழு. இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்தாண்டுப் படிப்பு. தொடக்கத்தில் உயிரியலோடு வேதியியல், இயற்பியல், கணிதம் எல்லாம் உண்டு. உயிரின் தோற்றத்தை ஆராய அத்தனையும் வேண்டும். கடைசி வருஷம் ஆய்வேடு. புனே ஐசரில் சுதா ராஜாமணியின் குழு இதே கேள்வியில்தான் இருக்கிறது. லடாக்கின் வெந்நீர் ஊற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து, முதல் உயிரணுக்களின் சவ்வு போன்ற கொழுப்புக் குமிழிகள் அதில் உருவாகுமா, நிலைக்குமா என்று பார்த்தவர்கள். உங்கள் மகளிடம் இதைச் சொன்னபோது நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். புனே கிடைக்காமல் திருப்பதியோ திருவனந்தபுரமோ கிடைத்தாலும் தயங்காமல் சேருங்கள்.

ஐசருக்கு நுழைவுத் தேர்வு தனி: 60 கேள்விகள், நாலு பாடத்துக்கும் தலா 15. நீட்டில் இல்லாத கணிதம் இதில் உண்டு. அவள் பத்தாம் வகுப்போடு கணிதத்தை விட்டவள். எனவே நீட் டியூஷனில் ஒரு நாளைக் குறைத்து, இந்த வாரமே கணிதத்துக்கு ஆள் பாருங்கள்.