கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டே கிறிஸ்தவ ஹிப் ஹாப் கலைஞராகவும் பாடலாசிரியராகவும் பிழைக்க முடியுமா? எங்கே தொடங்குவது?

முடியும். ஆனால் கேள்வியில் நீங்கள் பின்னால் போட்ட சொல்லை முன்னால் கொண்டுவர வேண்டும். முதலில் பாடலாசிரியர், அப்புறம்தான் ராப்பர் (தாளத்துக்குப் பேச்சாகப் பாடுபவர்). காரணம், இங்கே மேடை என்பது பருவத்துக்குப் பருவம் வருவது. டிசம்பர் கேரல், ஏப்ரல் மே மாதங்களில் விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.), இடையிடையே கன்வென்ஷன், அசனம் (சபை விருந்து), கத்தோலிக்கப் பங்குகளில் (ஆலயங்களில்) பத்து நாள் திருவிழாவின் கலைநிகழ்ச்சி. மீதி மாதங்களில் யாரும் ராப்பரைத் தேடி வரமாட்டார்கள். பாட்டு எழுதத் தெரிந்தவரைத் தேடி வருவார்கள். வி.பி.எஸ். கருப்பொருள் பாட்டு, வாலிபர் முகாம் பாட்டு, வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் சொந்தமாகப் போடும் ஆல்பத்துக்கு ஆறு பாட்டு என்று வேலை வருவது எழுத்துக்குத்தான்.

அமெரிக்காவில் கிறிஸ்தவ ஹிப் ஹாப் 1985-இல் ஸ்டீபன் வைலி வெளியிட்ட ஒலிநாடாவோடு கடைக்கு வந்தது. லெக்ரே என்ற ராப்பர் 2004-இல் பென் வாஷரோடு சேர்ந்து ரீச் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 2014-இல் அவருடைய ஆல்பம் பில்போர்டு 200 பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. அந்தப் பாதையை இங்கே அப்படியே நகல் எடுக்க முடியாது, அதற்கான வானொலியும் இல்லை, லேபிளும் இல்லை. ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்களில் ஏறக்குறைய 47 விழுக்காடு கிறிஸ்தவர்கள். கேட்பதற்கு ஆள் உண்டு, அவர்கள் சபை சபையாகப் பிரிந்து இருக்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

அந்தப் பிரிவு முதலில் உங்கள் சொல்லில்தான் இடிக்கும். சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபைகளில் கர்த்தர், தேவன், பரிசுத்த ஆவி, ஜெபம். கத்தோலிக்கப் பங்குகளில் ஆண்டவர், கடவுள், தூய ஆவி, செபம். ஒரே பாட்டில் இரண்டையும் கலந்தால் இரு பக்கமும் அந்நியமாகக் கேட்கும். எல்லா மேடைக்கும் ஒரு பாட்டு வேண்டுமானால் இயேசு, சிலுவை போன்ற பொதுச் சொற்களோடு நிறுத்திக்கொண்டு, மீதியைச் சம்பவத்தால் நிரப்புங்கள். வசனத்தை வரிக்கு வரி ஒட்டுவதைவிட இது கடினம், பாட்டும் நன்றாக வரும்.

இனி எழுத்து. பழைய பாணி (ஓல்ட் ஸ்கூல்) பீட் 85 முதல் 95 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை அடி), டிராப் என்ற புதிய பாணி 140 (காதுக்கு 70 போல ஆடும்). 90-இல் நான்கு அடி கொண்ட ஒரு பார் 2.67 விநாடி, 16 பார் சுமார் 43 விநாடி. ஒரு பாரில் பதினாறு சிறு இடங்கள். எல்லாவற்றையும் நிரப்பினால் விநாடிக்கு ஆறு சிலபிள் (உச்சரிப்புத் துண்டு) பேச வேண்டும். மூச்சு எடுக்க இடம் இருக்காது. தமிழுக்கு 10 முதல் 13 சிலபிள் வசதியான அளவு. நீண்ட வினைமுற்றுகள்தான் ஆளைக் கவிழ்ப்பவை. 'காத்துக்கொண்டிருக்கிறார்' என்ற ஒரே சொல் ஏழு இடத்தைத் தின்றுவிடும், 'காத்திருக்கார்' நான்கில் முடியும். அதனால் ராப் வரி பேச்சுத்தமிழில்தான் உட்காரும். விளவங்கோடு பக்கத்துப் பேச்சா, நாகர்கோவில் பேச்சா, கடற்கரைப் பேச்சா என்று ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். சென்னைப் பேச்சைப் போலி செய்தால் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எதுகை, மோனை, இயைபு மூன்றும் கையில் இருக்கும்போது 'ரைம்' என்று தனியாக எதையும் கற்க வேண்டியதில்லை. கிறிஸ்தவப் பாட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இயைபில் மட்டும் தொங்குகிறார்கள். தந்தீரே, வந்தீரே, மீட்டீரே என்று இலக்கண விகுதியே ஒலியைக் கொடுத்துவிடுகிறது. உழைப்பில்லாமல் வந்த ஒலி காதில் தங்காது. சீடர்கள் இரவெல்லாம் மீன் கிடைக்காமல் இருக்க, விடியலில் இயேசு கரையில் நிற்கும் யோவான் 21-ஐ வைத்து ஒரு மாதிரி ('சாளை' ஒரு மீன்):

ராவெல்லாம் வலைபோட்டும் ஒரு சாளையும் மாட்டல
தாவுற அலையோரம் நின்னவர் தன்னைக் காட்டல

ராவெ, தாவு என்று தொடக்கத்தில் எதுகை, மாட்டல, காட்டல என்று முடிவில் இயைபு. இரண்டு வரியும் 15 சிலபிள், அதாவது 90-இல் இடுக்கம். முதல் வரியில் 'ஒரு'வை எடுத்தால் 13, மூச்சு வந்துவிடும். இரண்டாவதில் 'தாவுற' என்பதைத் 'தாவும்' ஆக்கினால் ஒன்று குறையும். இப்படி ஒவ்வொரு வரியையும் விரல்விட்டு எண்ணிய பிறகே பீட்டைப் போடுங்கள். இன்னொன்று: 'ட்ட', 'க்க', 'ற்ற' போன்ற இரட்டிப்பில் ஒலி ஒரு கணம் அடைபட்டுத் திறக்கும். அந்தத் திறப்பு ஸ்னேர் (கூர்மையாக அறையும் டிரம்) விழும் இரண்டாம், நான்காம் அடியில் வருமாறு சொல்லை நகர்த்தினால் தாளக்கட்டு தானாகக் கிடைக்கும். நெடிலை ஸ்னேரில் வைத்தால் இழுவையாகும்.

இதற்கெல்லாம் அமெரிக்கப் பாட்டைக் கேட்பதோடு நம்மூர் வில்லுப்பாட்டையும் கேளுங்கள். வீசுகோல் பிடித்தவர் கதையை வேகமாகச் சொல்லிக்கொண்டு போக, பின்பாட்டுக்காரர் 'ஆமா' போட்டு மூச்சு எடுக்க இடம் கொடுப்பார். ராப் மேடையில் கூட நிற்கும் ஆளுக்கு அதே வேலைதான். வரியின் கடைசிச் சொல்லை மட்டும் அவர் சேர்ந்து சொல்ல வேண்டும். முழு வரியையும் சேர்ந்து கத்தினால் ஒன்றும் விளங்காது.

பெரியவர்கள் இருக்கும் சபையில் முதல் முறை பாடும்போது ஹுக் (திரும்பத் திரும்ப வரும் பகுதி) அவர்களுக்குத் தெரிந்த கீர்த்தனையின் பல்லவியாக இருப்பது நல்லது. கீர்த்தனைகள் எழுதிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1864-இல் இறந்தவர், அவர் பாடல்களுக்குப் பதிப்புரிமை இல்லை. ஆனால் போன வருடம் ஒருவர் பதிவு செய்த அதே கீர்த்தனையின் ஒலிப்பதிவுக்கு உரிமை உண்டு. அதை வெட்டி ஒட்டக் கூடாது, நீங்களே பாடிப் பதிய வேண்டும். இந்தியச் சட்டத்தில் பாடல் வரிக்கும் மெட்டுக்கும் ஆசிரியர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும், ஒலிப்பதிவுக்கு வெளியான பின் 60 ஆண்டும் பாதுகாப்பு. இன்று பாடப்படும் ஆராதனைப் பாட்டில் நடுவில் ராப் செருகி வெளியிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. அது சட்டம் சொல்லும் கவர் பதிப்புக்குள் (இருக்கும் பாட்டை மாற்றாமல் மறுபடி பாடிப் பதிவது) அடங்காது. வரி சேர்ப்பது மாற்றம், அதற்கு எழுத்தில் அனுமதி வேண்டும். 'ஊழியத்துக்காகத்தானே' என்பது சட்டத்தில் பதிலாகாது.

பீட் வாங்கும்போது உரிமத்தை வாசியுங்கள். இணையத்தில் 'இலவசம்' என்று கிடப்பவற்றில் பல, வருமானம் இல்லாத பயன்பாட்டுக்கு மட்டும். குறைந்த விலை லீஸ் ஒரே பீட்டை நூறு பேருக்குக் கொடுப்பது. பொதுவாக இவ்வளவு ஸ்ட்ரீம் வரைதான் என்ற எல்லையும் இருக்கும். அந்த லீஸ் பீட்டில் பாடி, விநியோக நிறுவனத்தில் (பாட்டை ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்ற தளங்களுக்கு அனுப்புவது) கன்டென்ட் ஐடி (அதே ஒலி வரும் வீடியோக்களை யூடியூப் தானே கண்டுபிடிக்கும் முறை) பெட்டியை டிக் செய்துவிடுகிறார்கள். உடனே அதே பீட்டில் பாடிய மற்றவர்கள் வீடியோவுக்கெல்லாம் உங்கள் பெயரில் உரிமைகோரல் போகும், பீட் செய்தவர் புகார் கொடுப்பார், பாட்டு இறக்கப்படும். வேறு யாருக்கும் விற்காதபடி தனியுரிமையாக வாங்கினால் மட்டும் அந்தப் பெட்டியைத் தொடுங்கள். முடிந்தால் ஊரில் கீபோர்டு வாசிக்கும் ஒருவரோடு உட்கார்ந்து சொந்தமாகச் செய்வதே மேல். பீட் இன்னொன்றைப் போல இருக்கிறதே என்ற பயம் ஓரளவுக்குத்தான் தேவை. ஃப்ளேம் என்ற கிறிஸ்தவ ராப்பர் தன் பீட்டை எடுத்துவிட்டதாகப் பாப் பாடகி கேட்டி பெர்ரி மீது தொடுத்த வழக்கில் 2019-இல் ஜூரி 27.8 லட்சம் டாலர் தீர்ப்பளித்தது. 2020-இல் நீதிபதி அதைத் தள்ளினார், 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நீதிபதியின் முடிவையே உறுதி செய்தது. அந்த எட்டுச் சுரத் தொடர் யாருக்கும் தனியுடைமையாக முடியாத அளவுக்குப் பொதுவானது என்பதே காரணம். ஒலியை அப்படியே எடுத்து ஒட்டுவது வேறு விஷயம், அதற்கு இந்தத் தீர்ப்பு துணை வராது.

பதிவுக்குப் பெரிய ஸ்டூடியோ வேண்டாம். ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), டைனமிக் மைக், மூடிய ஹெட்போன், பாப் ஃபில்டர் எல்லாம் சேர்த்து இருபதாயிரம் ரூபாயை ஒட்டி முடியும். கண்டென்சர் மைக் வேண்டாம் என்பதற்குக் காரணம் நம் வீடுகள். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம், தகரக் கொட்டகையில் விழும் மழையையும் எதிர்வீட்டுச் சேவலையும் அது தெளிவாகப் பிடிக்கும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி, பதிவு மீட்டரில் ஒலி அளவு மைனஸ் 10 முதல் மைனஸ் 6 டெசிபெல் வரை, மின்விசிறி நிறுத்தம். மிக்ஸிங்குக்கு மட்டும் கேட்கத் தெரிந்தவருக்குக் காசு கொடுங்கள்.

மேடை ஒலியைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை, முக்கால்வாசி நிகழ்ச்சி கெடுவதும் அங்கேதான். மைக் செட்டுக்காரர் பழக்கத்தில் பாடகருக்கு எக்கோ போட்டு வைத்திருப்பார். கீர்த்தனைக்கு அது அழகு, ராப்பில் ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லின் மேல் விழும். ஏறுவதற்கு முன் நேரில் போய் 'அண்ணே, எனக்கு எக்கோ முழுசா கட் பண்ணிருங்க' என்று சொல்லிவிடுங்கள், மேடையிலிருந்து சைகை காட்டினால் நடக்காது. மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் ராப்பர் ஸ்டைல் வேண்டாம். பொத்தினால் மைக் எல்லாத் திசையையும் கேட்கத் தொடங்கி ஊளையிடும்.

அடுத்தது தாமதம். ஒலி ஒரு மீட்டர் கடக்க மூன்று மில்லிவிநாடி. ஸ்பீக்கர் 30 மீட்டர் தள்ளி இருந்தால் அதன் பீட் உங்களுக்கு ஏறக்குறைய 90 மில்லிவிநாடி பிந்தி வரும். 90 பிபிஎம்மில் ஒரு சிறு இடமே 167 மில்லிவிநாடிதான். தூரத்து ஸ்பீக்கரைக் கேட்டுப் பாடினால் பாதி இடம் பின்தங்கி, கூட்டத்துக்குத் தாளம் தவறியதாகவே கேட்கும். காலடியில் ஒரு மானிட்டர் (உங்களை நோக்கித் திருப்பிய ஸ்பீக்கர்) கட்டாயம் கேளுங்கள். இல்லையென்றால் ஒரு காதில் இயர்போன்.

குழாய் ஸ்பீக்கரில் அடித்தள ஒலி வரவே வராது. 808 பேஸை (ஹிப் ஹாப்பின் ஆழமான அடித்தள ஒலி) 45 ஹெர்ட்ஸில் வைத்து வீட்டில் சுவர் அதிரக் கேட்ட பாட்டு, தெருவில் கைதட்டல் மட்டும் உள்ள பாட்டாகிவிடும். மேடை டிராக்கைத் தனியாக எடுத்து, பேஸில் சாச்சுரேஷன் (ஒலியைச் சற்றே சிதைத்து மேல் ஒலிகளைச் சேர்ப்பது) ஏற்றி 200 ஹெர்ட்ஸுக்கு மேலும் ஒலிக்கச் செய்யுங்கள். அதை மோனோவாகவே எடுங்கள், ஸ்டீரியோவில் ஒரு பக்கம் மட்டும் செருகிவிடுவார்கள். முதன்மைக் குரல் நீக்கி ஹுக் குரல்களை மட்டும் வைத்த அந்தக் கோப்பை பென்டிரைவில் ஒன்று, ஃபோனில் ஒன்று வையுங்கள். ஃபோன் விமானப் பயன்முறையில் இருக்கட்டும், பாட்டின் நடுவே அத்தை கூப்பிடுவார். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை. நிகழ்ச்சிப் பட்டியலில் கடைசிப் பெயர் உங்களுடையது என்றால் பாடாமலே திரும்ப வாய்ப்பு அதிகம். கமிட்டியிடம் எட்டரைக்கு முன் நேரம் கேட்டு வாங்குங்கள்.

காசு விஷயம். பிறருக்கு எழுதும்போது ஒரு பக்க ஒப்பந்தமாவது வேண்டும். யார் வரி, யார் மெட்டு, யார் பீட், யாருக்கு எத்தனை பங்கு, எத்தனை ஆண்டு, எந்த நாடுகள், எந்த ஊடகங்கள். கால அளவு எழுதாவிட்டால் சட்டப்படி ஐந்தாண்டு, எல்லை எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். 2012 திருத்தத்துக்குப் பின் வரி எழுதியவர் தன் ராயல்டிப் பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. 'மொத்தமாக எழுதிக் கொடுத்துவிடு' என்று கேட்பவரிடம் இதைப் பணிவாகச் சொல்லலாம். பாடல் வரியைப் பதிவு செய்யக் கட்டணம் 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000. கட்டாயமில்லை, தகராறு வந்தால் உதவும். பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராகி ஒவ்வொரு பாட்டையும் பதியுங்கள். சேர்ந்துவிட்டுப் பாட்டைப் பதியாமல் விடுபவருக்கு ஒன்றும் வராது.

வெளியீட்டுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே விநியோக நிறுவனத்தில் ஏற்றுங்கள், ஸ்பாட்டிஃபை பட்டியலுக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது ஏழு நாள் வேண்டும். அங்கே ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தொடாவிட்டால் ராயல்டி கிடையாது. யூடியூபில் விளம்பரப் பங்குக்கு 1,000 சந்தாதாரரும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் (அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வை) வேண்டும். யூடியூப் கேட்கும் அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்புங்கள். விட்டுவிட்டால் தனிநபரின் மொத்த வருமானத்திலும் 24 விழுக்காடு வரை பிடிப்பார்கள், நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளர் பங்கில் மட்டும் 15. வி.பி.எஸ். பாட்டுக்கு 'குழந்தைகளுக்கானது' என்று குறித்தால் கருத்துப்பெட்டி மூடும், விளம்பர வருமானமும் குறையும். ஆனாலும் உண்மையைத்தான் குறிக்க வேண்டும்.

அந்த வகைப் பாட்டில் பணம் பார்வையால் வருவதில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் குரலில்லாத டிராக், சுருதி, பிபிஎம், வரிகள் அச்சிட்ட ஒரு தாள் என்று சேர்த்து வைத்திருங்கள். பிப்ரவரியிலேயே ஓய்வுநாள் பள்ளி (சண்டே ஸ்கூல்) ஆசிரியர்கள் கையில் அது கிடைத்தால் ஏப்ரலுக்கு உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.