மார்ச்சில் எதை விதைக்கலாம், எதற்குப் பொறுக்க வேண்டும்: ரொறன்ரோ வீட்டுத்தோட்டக் கேள்வி பதில்

வெளியே பனி முழுதாகக் கரையவில்லை, அதற்குள் எல்லோர் வீட்டிலும் விதைப் பாக்கெட்டுகள் மேசைக்கு வந்துவிட்டன. இந்தக் கிழமை வந்த கேள்விகளுக்கு ஒன்றாகவே பதில் எழுதுகிறேன். நான் சொல்லும் தேதிகள் ரொறன்ரோவுக்கும் அதைச் சுற்றிய ஊர்களுக்கும் உரியவை. இங்கே கடைசி உறைபனி பெரும்பாலும் மே முதற்பாதியில் போய்விடும், மே 25க்கு முந்திய திங்களோடு சேர்ந்து வரும் விக்டோரியா தின நீண்ட வார இறுதியை நடுகைக்கான எல்லையாக எல்லோரும் வைத்துக்கொள்வது அதனால்தான். வேறு ஊரில் இருப்பவர்கள் உங்கள் கடைசி உறைபனி நாளை வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள்.

ஸ்காபரோவிலிருந்து: அக்கா, தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் ஒரே தட்டில் போட்டு பேஸ்மென்டில் வைத்தேன். இரண்டு கிழமை ஆகிவிட்டது, தக்காளி மட்டும்தான் முளைத்திருக்கிறது. மிளகாய் விதை பழுதா?

விதையில் பழுது இருக்காது, சூடு போதவில்லை. தக்காளி 20 பாகை (செல்சியஸ்) இருந்தாலே எழும்பிவிடும். மிளகாயும் கத்தரியும் 25 முதல் 30 பாகை வரை கேட்பவை, 15 பாகைக்குக் கீழே போனால் கிட்டத்தட்ட அசையவே அசையாது. உங்கள் ஹீட்டர் 20 என்று காட்டினால் அது காற்றின் சூடு. ஈர மண்ணிலிருந்து தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் மண் அதைவிடக் குளிராகத்தான் இருக்கும், பேஸ்மென்ட் தரையில் வைத்தால் இன்னும் மோசம். நாற்றுக்கென்று விற்கும் சூட்டு விரிப்பு ஒன்று வாங்கி அடியில் போடுங்கள், ஒருமுறை வாங்கினால் பல வருடம் உழைக்கும். அது இல்லையென்றால் வீட்டில் எந்த இடம் இரவும் பகலும் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று கையை வைத்துப் பார்த்து, தட்டை மூடி அங்கே வையுங்கள். முளை தெரிந்த உடனே சூட்டை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்கு மாற்ற வேண்டும். மூன்றையும் ஒரே தட்டில் போடக்கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதற்காகத்தான். இப்போது உங்கள் தக்காளிக்கு வெளிச்சம் வேண்டும், மிளகாய்க்கோ மூடியும் சூடும் வேண்டும், ஒன்றுக்கு நல்லது செய்தால் மற்றதைக் கெடுக்கிறீர்கள்.

மிளகாய், கத்தரி மார்ச் நடுப்பகுதியில். தக்காளி மார்ச் கடைசியில் அல்லது ஏப்ரல் முதற்கிழமையில். நல்ல காரமான ஹபனேரோ வகை என்றால் பெப்ரவரி கடைசியிலேயே போட்டுவிடலாம், அது முளைக்கவே சிலவேளை ஒரு மாதம் எடுக்கும்.

மார்க்கம் நகரிலிருந்து: தெற்குப் பார்த்த ஜன்னலில்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் கன்றுகள் நூல்போல நீண்டு சரிந்து விழுகின்றன. உரம் போடவா?

வேண்டாம், உரம் போட்டால் இன்னும் நீளும். வெளிச்சம்தான் குறை. மார்ச் வெயில் நமக்குக் கண்ணைக் கூசினாலும், இரட்டைக் கண்ணாடி தாண்டி, அதுவும் மேகம் மூடாத சில மணி நேரம் மட்டும் கிடைப்பது தக்காளிக் கன்றுக்குப் போதாது. சாதாரண வெள்ளை எல்இடி குழல் விளக்கு போதும், ஊதா வெளிச்சம் அடிக்கும் விலைகூடிய விளக்கெல்லாம் தேவையில்லை. கன்றின் தலையிலிருந்து 5 முதல் 10 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, வளர வளர உயர்த்திக்கொண்டே போங்கள். ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியட்டும், இரவில் கட்டாயம் அணையுங்கள். முளைத்த பின் சூட்டையும் குறைக்க வேண்டும், 18 பாகையில் வளரும் கன்று கட்டையாக உறுதியாக வரும்.

நீண்டுபோன தக்காளியை எறிய வேண்டாம். முதல் இரண்டு விதையிலைகளுக்குப் பிறகு உண்மையான இலை வந்ததும், தண்டை விதையிலை வரை மண்ணுக்குள் புதைத்துப் பெரிய சாடிக்கு மாற்றுங்கள், புதைந்த தண்டிலிருந்தே வேர் விடும். மாற்றும்போது இலையைப் பிடித்துத் தூக்குங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். இலை போனால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் கன்று போய்விட்டது என்று அர்த்தம்.

ஏஜாக்ஸிலிருந்து ஒரு ஐயா: பிள்ளை, நான் சித்திரை வருடப்பிறப்பு அன்று நல்ல நேரம் பார்த்துத்தான் விதை போடுவது வழக்கம். இங்கே அது சரிவருமா?

நன்றாகச் சரிவரும் ஐயா, ஏப்ரல் 14 இங்கே நல்ல நாள்தான், எதை விதைக்கிறீர்கள் என்பதில் மட்டும் கவனமாக இருந்தால் போதும். வெளியே பாத்தியில் முள்ளங்கி, பட்டாணி, ஸ்பினாச், லெட்டூஸ் போடலாம். இவையெல்லாம் மண் 5 பாகைக்கு மேல் போனாலே மெதுவாக முளைக்கத் தொடங்குபவை, லேசான உறைபனியையும் தாங்கும். வீட்டுக்குள்ளே தக்காளியும் பேசிலும் (துளசி இனத்து மேல்நாட்டு மூலிகை) போடலாம், தக்காளி கொஞ்சம் பிந்தித்தான், ஆனாலும் பழம் தரும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் அந்த நாள் பிந்திவிடும், அவற்றைப் பங்குனியிலேயே முடித்துவிடுங்கள். பாகல், புடோல், வெண்டி, பயற்றங்காய்க்கு அது மிகவும் முந்தி.

ஊரில் ஆடிப் பட்டம் தேடி விதைப்போம். இங்கே ஆடியில் கத்தரி போட்டால் பூக்கும்போது குளிர் வந்துவிடும். ஆனால் ஆவணி பிறக்கும்போது வெந்தயமும் கொத்தமல்லியும் முள்ளங்கியும் போட்டால் வசந்தத்தில் போட்டதைவிட நன்றாகவே வரும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரம்டனிலிருந்து: கொத்தமல்லி எனக்கு வருவதே இல்லை. கடை மல்லியைத்தான் போடுகிறேன். முளைத்தாலும் நாலு இலை விட்டதும் பூத்துவிடுகிறது.

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்களில் பாதிப் பேருடைய மனக்குறை இது.

நாம் ஒரு விதை என்று நினைக்கும் உருண்டை மல்லிக்குள் இரண்டு விதைகள் இருக்கின்றன. துணியில் போட்டு ஒரு போத்தலை மெதுவாக உருட்டினால் இரண்டாகப் பிளக்கும், நொறுக்கிவிடாதீர்கள். பிறகு ஓர் இரவு ஊறவிட்டு ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள். மளிகைக் கடை மல்லி முளைக்காது என்றில்லை, ஆனால் அது எத்தனை காலம் மூட்டையில் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? பத்து விதையை ஈரக் காகிதத் துண்டில் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு இரண்டு கிழமை பாருங்கள். ஆறு ஏழு முளைத்தால் அந்த மூட்டை நல்லது. மூன்றோ நாலோ என்றால் தூளாக்கிக் கறிக்குப் போடுங்கள், தோட்டத்துக்கு வேறு வாங்குங்கள்.

இனிப் பூப்பது. கொத்தமல்லிக்கு வெப்பமும் நீண்ட பகலும் சேர்ந்தால் இலை விடுவதை நிறுத்திவிட்டுப் பூவுக்குப் போய்விடும். ஜூனில் இங்கே பகல் 15 மணி நேரத்துக்கும் மேல். அதனால் மே கடைசியில் தக்காளி நடும்போது சேர்த்து மல்லியும் போடுகிறவர்களுக்கு இலை கிடைக்காது. ஏப்ரல் நடுவிலேயே நேராகப் பாத்தியில் போடுங்கள், குளிரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆணிவேர்ச் செடி என்பதால் தட்டில் வளர்த்துப் பிடுங்கி நட்டால் கோபித்துக்கொண்டு அப்போதே பூத்துவிடும். மொத்த விதையையும் ஒரே நாளில் கொட்டாமல் இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி போட்டுக்கொண்டே வாருங்கள். ஜூலையில் விட்டுவிடுங்கள், ஆகஸ்ட் நடுவில் மறுபடி தொடங்குங்கள். பூத்த செடியையும் பிடுங்காதீர்கள், பச்சையாக இருக்கும் மல்லிக்காய் ரசத்துக்கு அவ்வளவு வாசம், கொஞ்சம் முற்றி விழுந்தால் அடுத்த வசந்தத்தில் தானாகவே முளைக்கும்.

அதே கேள்வியோடு இன்னொருவர்: வெந்தயக்கீரை?

மிகச் சுலபம். ஓர் இரவு ஊறவையுங்கள், வீட்டுக்குள் என்றால் நாலைந்து நாளில் முளைத்துவிடும். புதிதாகத் தொடங்குபவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும்.

மிசிசாகாவிலிருந்து: நேற்றுவரை நன்றாக நின்ற நாற்றுகள் இன்று காலையில் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்து கிடக்கின்றன. பின்வளவு மண்ணில்தான் போட்டேன்.

இது நாற்றழுகல். இதைக் கொண்டுவரும் பித்தியம், ரைசோக்டோனியா போன்ற நோய்க்கிருமிகள் மண்ணிலிருந்து வருபவை, அளவுக்கு மிஞ்சிய ஈரமும் அசையாத காற்றும் இருந்தால் ஒரே இரவில் தட்டு முழுக்கப் பரவும். விழுந்தது பிழைக்காது. விழுந்தவற்றை மண்ணோடு எடுத்து எறிந்துவிட்டு மிச்சத்துக்குத் தண்ணீரை நிறுத்துங்கள், மூடியைக் கழற்றுங்கள், சின்ன விசிறி ஒன்றை மெல்லிய வேகத்தில் ஓடவிடுங்கள். கறுவாத்தூள் தூவினால் நிற்கும் என்று பலர் சொல்வார்கள், அதை நம்பி ஈரத்தைக் கவனிக்காமல் விடாதீர்கள்.

அடுத்த முறை வளவு மண் வேண்டாம். நாற்றுக்கென்று விற்கும் கலவை வாங்குங்கள், அல்லது தும்புத்தூள் கட்டியை ஊறவைத்துப் பெர்லைட் (தண்ணீர் வடிய உதவும் இலேசான வெள்ளைத் துகள்) கலந்துகொள்ளுங்கள். தும்புத்தூளில் சத்து மிகக் குறைவு, அதனால் உண்மையான இலை வந்த பிறகு திரவ உரத்தைப் போத்தலில் சொன்ன அளவில் பாதிக்கும் குறைவாகக் கரைத்து ஊற்ற வேண்டும். தண்ணீரை மேலிருந்து ஊற்றாமல் தட்டின் அடியில் விட்டு மண் உறிஞ்ச விடுங்கள், அரை மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

பிக்கரிங்கிலிருந்து: வெளியே மண்ணைக் கொத்தத் தொடங்கலாமா? எங்கள் வளவு முழுக்கக் களிமண்.

ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடித்துவிட்டு விரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் கொத்தலாம். உருண்டையாகவே நின்றால் மண்வெட்டியை உள்ளே வைத்துவிடுங்கள், அதன்மேல் நடக்கவும் வேண்டாம். ஈரக் களிமண்ணைக் கொத்தினால் காய்ந்ததும் செங்கல்தான், அந்த வருடம் முழுக்க வேர் இறங்காது. உயர்த்திய பாத்தி இருந்தால் அதில் மண் முந்தி வடிந்து முந்திச் சூடேறும், களிமண் வளவுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

ஸ்காபரோவிலிருந்து இன்னொருவர்: பாகல் விதை ஒரு மாதமாக மண்ணில் கிடக்கிறது அக்கா. தோண்டிப் பார்த்தால் அப்படியே இருக்கிறது.

அப்படியே இருந்தால் தப்பித்தது, பெரும்பாலும் அழுகித்தான் போயிருக்கும். பாகலுக்கும் புடோலுக்கும் தோல் தடிப்பு. நகவெட்டியால் விதையின் ஓரத்தில் மிகச் சிறிதாக வெட்டி, உள்ளே பருப்பில் படாமல், வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு ஈரத்துணியில் சுற்றி 28, 30 பாகைச் சூட்டில் வைத்து, முளை எட்டிப்பார்த்ததும் ஆளுக்கொரு சாடியில் போடுங்கள். அவசரம் வேண்டாம், மே தொடக்கம் போதும். கொடி இனங்கள் சாடிக்குள் நீண்ட நாள் இருக்கப் பொறுக்காது, வேரைக் கலைத்தாலும் பிடிக்காது. மார்ச்சிலேயே போட்டவர்களின் பாகல் மே மாதத்தில் ஜன்னல் திரையைப் பிடித்து ஏறிக்கொண்டிருக்கும், வெளியே நட்டதும் ஒரு மாதம் திகைத்து நிற்கும். மே தொடக்கத்தில் போட்டது அதை முந்திவிடும். பயற்றங்காயும் வெண்டியும் ஜூன் பிறந்து மண் சூடான பிறகு நேராக விதைக்கலாம்.

ஏஜாக்ஸிலிருந்து: ஊர் அவரை, சிறகவரை இரண்டும் வேலி முழுக்கப் படர்ந்தன. ஆனால் ஒரு காய் இல்லை. முந்தி விதைத்தால் காய்க்குமா?

காய்க்காது, இதை முந்தி விதைத்துச் சரிசெய்ய முடியாது. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுக்கப் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். நம் பழைய அவரை இனங்கள் பலவும், சிறகவரையும், பகல் குறுகினால்தான் பூக்கும். இங்கே பகல் அந்த அளவுக்குக் குறுகும்போது செப்டம்பர் கடைசி, பூவெடுத்து பிஞ்சாகும்போது அக்டோபர் உறைபனி வந்து கொண்டுபோய்விடும். நாள் நீளத்தைப் பார்க்காமல் பூக்கும் குத்தவரை (படராத செடி அவரை) வகை தேடி வாங்குங்கள். இல்லையென்றால் அந்த வேலியைப் பயற்றங்காய்க்குக் கொடுங்கள்.

நோர்த் யோர்க்கிலிருந்து: ஊரிலிருந்து அம்மா விதை கொண்டு வருகிறா. பிரச்சினை வருமா?

செடி, விதை எதுவானாலும் விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டும், ஒளிக்க வேண்டாம். எந்த விதைக்கு என்ன பத்திரம் வேண்டும் என்பதை கனடிய உணவுப் பரிசோதனை முகமையிடம் அம்மா புறப்படும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கறிவேப்பிலை விதை மட்டும் காயவைத்துக் கொண்டுவந்து பயனில்லை, பழுத்த பழத்திலிருந்து எடுத்த பிறகு விரைவிலேயே முளைக்கும் சக்தி போய்விடும். இங்கே கன்று வைத்திருப்பவர்களிடம் அடியில் வரும் பக்கக்கன்று கேட்டு வாங்குங்கள்.

ஸ்காபரோ, அடுக்குமாடி: பல்கனிதான் இருக்கிறது. துளசி, பேசில், புதினா, பார்ஸ்லி விதைக்கலாமா?

புதினாவுக்கு விதை வேண்டாம், கடையில் வாங்கிய கட்டில் ஒரு தண்டைத் தண்ணீரில் வையுங்கள். துளசி, பேசில் விதைகளை மண்ணின் மேலே தூவி லேசாக அமுக்கினால் போதும், ஆழமாகப் புதைக்கக்கூடாது, 20 பாகைக்கு மேல் சூடு வேண்டும். பார்ஸ்லி மூன்று நாலு கிழமைகூட எடுக்கும், வரவில்லை என்று மண்ணைக் கிளறாதீர்கள்.

மார்க்கத்திலிருந்து: பழைய பாக்கெட்டுகள் இருக்கின்றன. எறியவா?

வெங்காயம் என்றால் புதிது வாங்குங்கள், அது ஒரு வருடத்துக்கு மேல் நம்பத்தக்கதல்ல. மிளகாய் இரண்டு மூன்று வருடம், தக்காளி நாலைந்து வருடம் தாங்கும். மல்லிக்குச் சொன்ன ஈரக்காகிதச் சோதனையைச் செய்து பாருங்கள்.

கடைசியாக, பிரம்டனிலிருந்து: போன வருடம் அழகான கன்றுகளை விக்டோரியா தினத்தன்று வெளியே நட்டேன். இரண்டே நாளில் இலை வெள்ளையாகிக் கருகிவிட்டது. உறைபனியா?

உறைபனியில்லை, வெயில். விளக்கின் கீழே வளர்ந்த இலைக்கு வெளிவெயிலும் காற்றும் பழக்கமில்லை. நடுவதற்கு ஒரு கிழமை பத்து நாள் முன்பே பழக்கத் தொடங்க வேண்டும். முதல் நாள் நிழலில் ஓரிரு மணி நேரம், பிறகு காலை வெயில், பிறகு அரை நாள் என்று கூட்டிக்கொண்டே போய், கடைசி இரண்டு இரவு வெளியிலேயே விடுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமை பின்னேரம் தொடங்கினால் வார இறுதியில் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். தேதி என்னவாக இருந்தாலும் இரவுச் சூட்டைப் பாருங்கள்: தக்காளிக்கு இரவில் 10 பாகைக்கு மேல், கத்தரிக்கும் மிளகாய்க்கும் 13க்கு மேல். விக்டோரியா தினம் வந்தும் இரவு 7 பாகை என்றால் கத்தரியை இன்னொரு கிழமை உள்ளே எடுத்துக்கொண்டிருங்கள்.